கூடத்து விளக்கும் வைஃபை அலையும்

(ஒரு நூலக ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இத்தகைய விழாக்களில் இலக்கியத்தைப் பற்றியோ சரித்திரத்தைப் பற்றியோ பேசுவதே வழக்கமாக இருக்க, வீட்டுக்குள் வைஃபை ஏன் மந்தமாக வருகிறது, அதைச் சீர்செய்ய நாம் என்ன செய்யலாம் என்கிற விஷயத்தை நான் எடுத்துக்கொண்டதற்குக் காரணம், சில ஆண்டுகளாக நான் போகிற வீடுகளிலெல்லாம் ஏறக்குறைய ஒரே காட்சியைக் கண்டுவருவதுதான். வாசலை ஒட்டிய அறையில் ரவுட்டர் பச்சை விளக்குகளைச் சிமிட்டிக்கொண்டிருக்கும். பின்கட்டில், படிப்பதற்கென்று ஒதுக்கிய அறையில், பரீட்சைக்குத் தயாராகிக்கொண்டிருக்கும் பெண், பாடத்தின் வீடியோ பாதியில் நின்று வட்டம் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். வெளிநாட்டில் இருக்கும் பேரனின் முகத்தைக் காண்பதற்காகப் பாட்டி கட்டிலை விட்டு எழுந்து, கைத்தடியை ஊன்றிக்கொண்டு, சிக்னல் கிடைக்கும் இடம் தேடி முன்னறைக்கு வந்து சேர்வாள். மாதந்தோறும் தவறாமல் பணம் கட்டுகிற வீட்டில் அந்தப் பணத்தின் பிரயோஜனம் ஒரு மூலையோடு நின்றுவிடுவதை என்னால் சாதாரண விஷயமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

இதற்கு வீட்டார் முதலில் நாடும் பரிகாரம், கம்பெனிக்குப் போன் செய்து 100 எம்பிபிஎஸ் பிளானை 200ஆக உயர்த்திக்கொள்வது. பல வீடுகளில் அது வீண் செலவு. வயலுக்குள் மடை அடைபட்டுக் கிடக்கும்போது ஊர் வாய்க்காலை அகலப்படுத்துவதால் கடைசிப் பாத்திக்கு ஒரு சொட்டு நீரும் அதிகமாக வந்துவிடாது. ஆகவே, குற்றம் வீதியிலிருந்து வரும் இணைப்பில் இருக்கிறதா, வீட்டுக்குள் அலை போகும் வழியில் இருக்கிறதா என்பதையே முதலில் நிச்சயப்படுத்திக்கொள்ள வேண்டும். ஒரு லேப்டாப்பை ரவுட்டரின் அருகே கொண்டுபோய், லேன் கேபிளால் நேராக இணைத்து, மற்றச் சாதனங்களையெல்லாம் நிறுத்திவிட்டு, காலையில் ஒரு தடவையும், ஊரே படம் பார்க்கும் இரவு வேளையில் ஒரு தடவையும் வேகத்தை அளந்து பாருங்கள். அங்கேயே வேகம் குறைவாயிருந்தால் கம்பெனியிடம் முறையிட உங்களுக்குப் பூரண உரிமை உண்டு. அங்கே முழு வேகம் வந்து, பின்னறையில் மட்டும் அது வற்றிப்போகுமானால், எந்தக் கம்பெனியாலும் அதைத் தீர்க்க முடியாது, தீர்க்க வேண்டியவர்கள் நாமே.

இங்கே ஒரு சிறு விளக்கம் அவசியம். எம்பிபிஎஸ் என்பது பிட் கணக்கு. நாம் இறக்கும் படமோ பாடமோ பைட் கணக்கில் காட்டப்படுகிறது. எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட். ஆகவே 100 எம்பிபிஎஸ் இணைப்பில் நொடிக்கு 12.5 மெகாபைட்டுக்கு மேல் வராது. அதைக் கண்டு ஏமாற்றிவிட்டார்கள் என்று கோபிப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். அது நியாயமான கோபம் அல்ல. இன்னொன்று: பழைய ரவுட்டர்கள் பலவற்றில் கேபிள் சொருகும் துளைகளே 100 எம்பிபிஎஸ்ஸுக்கு மேல் கடத்தமாட்டாதவை. அப்படிப்பட்ட பெட்டியை வைத்துக்கொண்டு 300க்குப் பணம் கட்டுவோர் ஊரில் நிறைய.

இனி அலையின் சுபாவத்துக்கு வருவோம். வைஃபை என்று நாம் சொல்வது, ஜெர்மனியில் ஹெர்ட்ஸ் என்னும் விஞ்ஞானி 1880களின் இறுதியில் முதன்முதலாக ஆய்வுக்கூடத்தில் உண்டாக்கிக் காட்டிய அதே மின்காந்த அலைதான். வெளிச்சத்துக்கும் அதற்கும் வம்சம் ஒன்று, நீளம் மட்டுமே வேறு. ஹெர்ட்ஸுக்குப் பின் சில ஆண்டுகளுக்குள், கல்கத்தாவில் நம்முடைய ஜகதீச சந்திர போஸ், மில்லிமீட்டர் கணக்கில் நீளமுள்ள அலைகளைத் தாமே உண்டாக்கி, டவுன் ஹாலில் கூடியிருந்தோர் முன்னிலையில், அவை லெப்டினன்ட் கவர்னரின் உடலையும் சுவர்களையும் ஊடுருவிச் சென்று அப்பால் இருந்த அறையில் மணியை ஒலிக்கச் செய்வதைக் காட்டினார் என்று அவருடைய சரித்திரம் கூறுகிறது. நம் வீட்டு ரவுட்டர் அனுப்பும் அலைகள் இரண்டு வகை: 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை ஏறக்குறைய 12.5 சென்டிமீட்டர் நீளம், அதாவது அரைச் சாணுக்குச் சற்று அதிகம். 5 கிகாஹெர்ட்ஸ் அலை அதில் பாதிக்கும் குறைவு. சுவரை ஊடுருவ முடியும் என்று போஸ் காட்டியது உண்மை. ஆனால் ஒவ்வொரு சுவரிலும் அந்த அலை தன் சக்தியில் ஒரு பங்கைச் சுங்கமாகக் கட்டிவிட்டுத்தான் அப்பால் செல்கிறது என்பதும் அதே அளவுக்கு உண்மை. தூரம் இரட்டிப்பானால் வெட்டவெளியிலேயே சக்தி நாலில் ஒன்றாகிவிடும். நடுவே சுவர் வந்தால் கேட்க வேண்டியதில்லை.

அந்தச் சுங்கம் எவ்வளவு என்பதை அளந்துகொள்ள யந்திரம் வாங்க வேண்டாம். ஆண்ட்ராய்டு போனில் இலவசமாகக் கிடைக்கும் வைஃபை அளக்கும் செயலிகள் சிக்னலை டெசிபெல் கணக்கில், மைனஸ் 50, மைனஸ் 67 என்று காட்டும். பத்து குறைந்தால் சக்தி பத்தில் ஒன்று; இருபது குறைந்தால் நூறில் ஒன்று. கூடத்தில் மைனஸ் 50 காட்டிய போன் படிப்பறையில் மைனஸ் 80 காட்டினால், கூடத்துச் சக்தியில் ஆயிரத்தில் ஒரு பங்கே அந்தக் குழந்தையின் மேஜைக்கு வந்துசேர்கிறது என்று பொருள். மைனஸ் 67க்குக் கீழே போகாதவரை வீடியோவில் பேசுவதற்குக்கூட இடைஞ்சல் இராது. 80ஐ நெருங்கினால் ஒன்றும் நடவாது. ஓர் ஓய்வு நாளில் வீடு முழுவதும் நடந்து, ஒவ்வோர் அறையிலும் இந்த எண்ணை ஒரு காகிதத்தில் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு நான் சொல்லப்போகும் ஒவ்வொன்றும் உங்களுக்குத் தானே விளங்கும்.

எந்தப் பொருள் எவ்வளவு சுங்கம் வாங்குகிறது என்பது விசித்திரமான விஷயம். மரக்கதவும் பிளைவுட் தடுப்பும் அற்பமாகவே வாங்குகின்றன. ஒற்றைச் செங்கல் சுவர் ஓரளவு வாங்கும். செட்டிநாட்டுப் பெரிய வீடுகளில் காணும் கனத்த சுண்ணாம்புச் சுவர் நிறைய வாங்கும். ஆயினும் அந்த வீடுகளில் முகப்புக்கும் பின்கட்டுக்கும் நடுவே வானம் பார்த்த வளவு இருப்பதால், சுவர் தடுத்ததை முற்றம் ஒருவாறு ஈடுசெய்துவிடுகிறது. இன்றைய அடுக்குமாடிக் கட்டடங்களில் அந்தச் சலுகையும் இல்லை. அலுமினிய அச்சு நிறுத்தி, சுவர் முழுவதையும் கம்பியும் கான்கிரீட்டுமாக வார்த்துவிடுகிற முறையை, மிவான் என்று கட்டடக்காரர்கள் சொல்கிறார்களே, அதைத் தழுவிய வீடுகளில் ஒவ்வொரு சுவரும் ஒரு தளத்துக்குச் சமானம். கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி வலையின் இடைவெளி நம் அலையின் நீளத்தோடு ஒப்பிடக்கூடிய அளவாக அமைந்துவிடுவதால், அலை அதில் சிதறியும் திரும்பியும் போகிறது. எல்லாவற்றிலும் பெரிய தடை உலோகமும் நீரும். இரும்பு பீரோ, ஃபிரிட்ஜ், பின்புறம் ரசம் பூசிய நிலைக்கண்ணாடி, மீன் தொட்டி, மொட்டைமாடிச் சின்டெக்ஸ் தொட்டி, ஏன், நிறைய விருந்தினர் உட்கார்ந்திருக்கும் கூடம் கூட, அலைக்கு எதிரில் நிற்கும் மதில்களே. மனித உடலில் பெரும்பங்கு நீர் அல்லவா?

இவ்வளவையும் சொன்னபின், ரவுட்டரை நாம் எங்கே வைத்திருக்கிறோம் என்பதைச் சிந்தியுங்கள். எங்கள் வீட்டில், இணைப்புக் கொடுக்க வந்த இளைஞர், கேபிள் நுழைந்த ஜன்னலுக்குப் பக்கத்தில் நின்ற இரும்பு பீரோவின் மேல் அதை வைத்துவிட்டுப் போனார். அவர் அன்று போய்ச் சேர வேண்டிய வீடுகள் இன்னும் பல இருந்திருக்கும், அவரைக் குறை கூறுவதற்கில்லை. ஓராண்டு காலம் நாங்கள் அதைத் தொடவேயில்லை. அலையில் ஒரு பாதி ஜன்னல் வழியாக வீதிக்குப் போயிற்று. மறு பாதியில் பெரும்பகுதியை பீரோ தடுத்தது. ஒரு நாள், பத்து மீட்டர் லேன் கேபிள் வாங்கி, ஃபைபர் வந்து முடியும் பெட்டியை ஜன்னலருகிலேயே விட்டுவிட்டு, ரவுட்டரை மட்டும் கூடத்தின் நடுச்சுவரில், ஆள் உயரத்துக்கு மேலே, மறைப்பு ஏதுமின்றி மாட்டினோம். அதே பிளான், அதே ரவுட்டர். அதுவரை சிக்னலே எட்டாத மாடிப்படி அறையில் அன்று மாலை என் மருமகள் உட்கார்ந்து அலுவலக வேலை செய்தாள்.

பழைய வீடுகளில் திண்ணை மாடத்தில் ஒரு விளக்கு எரியும், அது வாசலுக்கு. கூடத்தின் நடுவே சங்கிலியில் ஒரு விளக்கு தொங்கும். அது நான்கு அறைகளுக்கும் வெளிச்சம் தருவதற்கு. எந்த விளக்கு எதற்கு என்று எண்ணெய் ஊற்றிய பெண்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை, ஏனென்றால் வெளிச்சம் கண்ணுக்குத் தெரிந்தது, நிழல் எங்கே விழுகிறது என்பதும் தெரிந்தது. வைஃபை கண்ணுக்குத் தெரியாத விளக்கு. அதனால்தான் டிவியின் பின்னாலும், ஷோகேஸுக்குள்ளும், மீட்டர் பெட்டியின் பக்கத்திலும் அதை அடைத்துவிட்டு இருட்டைப் பற்றி முறையிடுகிறோம். மூடிய அலமாரியில் அடைத்தால் அது சூடேறித் தளர்ந்துபோவது வேறு.

ஆன்டெனாக்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. அந்தக் குச்சிகளின் நுனியிலிருந்து அலை அம்புபோல் பாய்கிறது என்றெண்ணி, எந்த அறைக்குச் சிக்னல் வேண்டுமோ அந்த அறையை நோக்கி அவற்றைச் சாய்த்துவைப்பவர்கள் உண்டு. உண்மை அதற்கு நேர்மாறு. அலை, குச்சியைச் சுற்றிப் பக்கவாட்டில், நடுவில் துளையுள்ள உளுந்து வடையின் வடிவத்தில் பரவுகிறது. நுனிக்கு நேராகத்தான் அது மிகமிகக் குறைவு. ஒரே தளமுள்ள வீட்டில் குச்சிகள் செங்குத்தாக நிற்கட்டும். மாடியும் உண்டென்றால் ஒன்றை மட்டும் படுக்கவைத்துப் பாருங்கள்.

சுவர் தடுப்பது மட்டுமல்ல, திருப்பியும் அனுப்புகிறது. ஒரே செய்தி நேராக ஒரு வழியிலும், சுவரில் மோதி வேறு பல வழிகளிலும், நொடியின் மிக நுண்ணிய பின்னங்கள் முன்பின்னாக வந்துசேர்ந்து, ஒன்றோடொன்று கலந்து தெளிவிழந்துவிடுகிறது. பெரிய மண்டபத்தில் பேச்சு எதிரொலியில் குழைந்துபோவதைப் போன்றது இது. இந்தக் குழப்பத்தைத் தீர்த்தவர்களில் முக்கியமான ஒரு கூட்டத்தார், ஆஸ்திரேலியாவின் சிஎஸ்ஐஆர்ஓ என்னும் அரசாங்க ஆராய்ச்சி நிலையத்தில் ஜான் ஓ'சல்லிவன் தலைமையில் உழைத்த பொறியாளர்கள். அவர் 1970களில் வானத்தில் வெடித்து மறையும் சிறு கருந்துளைகளின் வானொலித் துடிப்பைத் தேடிய ஒரு முயற்சியில் ஈடுபட்டவர், துடிப்பு அகப்படவில்லை, ஆனால் விண்வெளியில் சிதைந்து வரும் சிக்னலைக் கணிதத்தால் தெளிவாக்கும் அந்த வித்தையில் பெற்ற பயிற்சி, 1990களில் அறைக்குள் எதிரொலிக்கும் அலையைத் தெளிவாக்கக் கைகொடுத்தது. ஆகாயத்தைத் துருவியவர்களின் கல்வி, ஒரு வீட்டின் படிப்பறைக்கு வந்து உதவுகிற இந்த அற்புதத்தை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நன்றியுணர்ச்சி பெருகுகிறது. ஆயினும் எதிரொலியின் சேஷ்டை முற்றிலும் ஒழிந்துவிடவில்லை. மேஜையின் மேல் லேப்டாப்பை நாலு விரற்கடை நகர்த்தினாலே சில சமயம் சிக்னல் ஏறுவதும் இறங்குவதும் அதனால்தான்.

இப்போது, பலர் அறியாததும் நான் மிக முக்கியமென்று கருதுவதுமான ஒரு விஷயம். காற்று ஒரு பொது மண்டபம். ஒரு சானலில், அதாவது அலைவரிசையின் ஒரு பகுதியில், ஒரு நேரத்தில் ஒரு சாதனம் பேசினால்தான் மற்றவற்றுக்குக் கேட்கும். இந்தப் பிரச்சினை முதன்முதலில், தீவுகளால் ஆன ஹவாயில், கம்ப்யூட்டர்களை வானொலியால் இணைக்க முயன்ற நார்மன் ஆப்ராம்சன் குழுவினருக்கு ஏற்பட்டது. 1971இல் இயங்கத் தொடங்கிய அவர்களுடைய அலோஹா முறையில், இரண்டு பேச்சுகள் மோதிக்கொண்டால், ஒவ்வொன்றும் தனக்குத் தோன்றிய சிறிது நேரம் காத்திருந்து மறுபடி பேசும். வைஃபை இன்னும் கொஞ்சம் மரியாதை கற்றுக்கொண்டது: முதலில் காதுகொடுத்துக் கேட்டு, வேறு யாரும் பேசவில்லை என்று தெரிந்த பின்பே பேசும். இதிலிருந்து விளைவது என்ன? சிக்னல் நலிந்த மூலையில் இருக்கும் போனுக்கு ரவுட்டர் நிதானமாக, மெதுவாகத்தான் பேசமுடியும். அந்த மெதுவான பேச்சு முடியும்வரை, பக்கத்திலேயே நல்ல சிக்னலோடு இருக்கும் டிவியும் லேப்டாப்பும் வாய் மூடிக் காத்திருக்க வேண்டும். ஆகவே பின்னறையின் பலவீனம் பின்னறையோடு போவதில்லை. ஒரு மூலையின் நோய் வீடு முழுவதையும் தளர்த்துகிறது. கடைசி அறைக்கு அலை எட்டச் செய்வது அந்த அறையில் இருப்பவருக்குச் செய்யும் தயவு அல்ல, எல்லோருக்கும் ஆதாயம்.

மண்டபத்தில் அண்டை வீட்டாரும் இருக்கிறார்கள். நம் நாட்டில் 2005இல் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை லைசென்ஸ் இல்லாமல் யாவரும் பயன்படுத்தலாம் என்று திறந்துவிடப்பட்டது. 5 கிகாஹெர்ட்ஸில் விஸ்தாரமான இடம் 2018இல் கிடைத்தது. 2.4இல் 1 முதல் 13 வரை சானல்கள் பெயருக்கு இருந்தாலும், ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் நிற்கக்கூடியவை 1, 6, 11 ஆகிய மூன்றே. நெரிசலைத் தவிர்க்கிறோம் என்று சிலர் 3ஐயோ 8ஐயோ தேர்ந்தெடுக்கிறார்கள், அது தவறு. அண்டை வீட்டு ரவுட்டரும் நம்முடையதும் ஒரே சானலில் இருந்தால், ஒன்றின் பேச்சு மற்றொன்றுக்குப் புரிந்து, முறைவைத்துக் காத்திருக்கும். பாதி மேலேறிய சானலில் இருந்தால், ஒன்றின் பேச்சு மற்றொன்றுக்கு வெறும் இரைச்சல். இந்த 2.4இல்தான் புளூடூத்தும் உண்டு; சமையலறை மைக்ரோவேவ் அடுப்பும் 2.45 கிகாஹெர்ட்ஸிலேயே வேலை செய்கிறது, அதிலிருந்து கசியும் சிறு பங்குகூட அருகிலுள்ள போனைத் தடுமாறச் செய்யப் போதும். ஆதலால் ரவுட்டருக்குப் பக்கத்து அறைகளில் 5ஐயும், தூரத்து அறைகளுக்கு 2.4ஐயும் கொள்வதே பொது விதி. 5 சுவரைக் கடக்கத் திணறுகிறது என்பது அதன் குறை. அண்டை வீட்டாரின் 5 நம் வீட்டுக்குள் வந்து தொல்லை தராது என்பது அதே குறையால் விளையும் நன்மை.

ரவுட்டரின் சக்தியை உயர்த்திவிட்டால் தீர்ந்தது என்று நினைப்பவர்களும் இருக்கிறார்கள். வைஃபை ஒருவழிப் பேச்சு அல்ல. வந்த ஒவ்வொரு துண்டுச் செய்திக்கும் போன் பதில் சொல்ல வேண்டும், போனுக்கு இருப்பதோ சிறு ஆன்டெனா, சிறு பாட்டரி. ரவுட்டர் எவ்வளவு உரத்துக் கூவினாலும், எதிர்க்கரையிலிருந்து வரும் மெல்லிய குரல் அதற்குக் கேட்காவிட்டால் சம்பாஷணை நடவாது. போனில் சிக்னல் கோடுகள் நிறைந்திருந்தும் நெட் ஓடாமல் இருப்பதற்கு இது ஒரு காரணம். இன்னொரு காரணம், நாம் அறியாமலே வீட்டிலிருந்து வெளியே போய்க்கொண்டிருக்கும் பாரம்: சிசிடிவி காமிராவின் பதிவுகள், போனிலிருந்து தானாக மேலேறும் போட்டோக்கள். ஒரு வீடியோ அழைப்புக்குப் பெரும்பாலும் இரண்டு மூன்று எம்பிபிஎஸ் போதும். ஆனால் அது தடையின்றி, ஒரே சீராக இருக்க வேண்டும். அந்தப் போட்டோக்களை இரவில் ஏறும்படி அமைத்துவிட்டால் பகல் வேலை நிம்மதியாக நடக்கும்.

இவ்வளவும் செய்தும் எட்டாத அறைகள் சில வீடுகளில் இருக்கவே இருக்கும். கடைக்காரர் அப்போது ரிப்பீட்டர் என்றொரு சிறு பெட்டியைக் காட்டுவார். அதை வாங்கிச் சிக்னல் இல்லாத அறையிலேயே சொருகிவைக்கிறார்கள். தனக்கே கேட்காததை அது பிறருக்கு எப்படித் திருப்பிச் சொல்லும்? அது நல்ல சிக்னல் உள்ள இடத்துக்கும் இல்லாத இடத்துக்கும் நடுவழியில் இருக்க வேண்டும். அப்போதும், ஒரே அலைவரிசையில் கேட்டதையே மறுபடி சொல்லவேண்டியிருப்பதால், வேகம் ஏறக்குறைய பாதியாகும். மெஷ் என்று, பல பெட்டிகள் சேர்ந்து இயங்கும்படி வரும் தொகுதிகள் அதைவிடச் சிறந்தவை, அவற்றிலும் பெட்டிகள் தமக்குள் பேசத் தனி அலைவரிசை உள்ளவையே நல்லவை, விலையும் அதற்கேற்ப. என்னுடைய முடிவைக் கேட்டால், இவை யாவும் இரண்டாந்தரம். முதல்தரமான வழி, கூடத்து ரவுட்டரிலிருந்து பின்கட்டுக்கு ஒரு கேட் 6 கேபிளை இழுத்து, அதன் முனையில் இரண்டாவது ரவுட்டரை ஆக்ஸஸ் பாயிண்ட்டாக, அதாவது கேபிளில் வருவதை அங்கே வைஃபையாகப் பரப்பும் பெட்டியாக, அமைத்து வைப்பது. அந்தக் கேபிள் 100 மீட்டர் தூரம் வரை நொடிக்கு 1,000 மெகாபிட் கடத்தும். எந்தச் சுவரும் அதனிடம் சுங்கம் கேட்காது. அண்டை வீட்டார் எத்தனை பேர் பேசினாலும் அதற்குக் கவலையில்லை. இடம் மாறாத சாதனங்களான டிவி, மேஜைக் கம்ப்யூட்டர், சிசிடிவிப் பெட்டி ஆகியவற்றையும் கேபிளிலேயே சேர்த்துவிட்டால், கையில் எடுத்து நடமாடும் போன்களுக்குக் காற்று முழுவதும் மிஞ்சும்.

ஆனால் கட்டி முடித்துப் பெயிண்ட் அடித்த வீட்டில் கேபிள் இழுப்பது எவ்வளவு சிரமம் என்பதை அனுபவித்தவர்கள் அறிவார்கள். சுவரைத் துளைக்க வேண்டும், அல்லது கதவோரமாக வெள்ளைப் பட்டியில் ஒட்டிக்கொண்டு போக வேண்டும். மனைவிக்கும் கணவனுக்கும் இதில் அபிப்பிராய பேதம் வராத வீட்டை நான் கண்டதில்லை. இந்தச் சபையில் வீடு கட்டிக்கொண்டிருப்பவர்களும், கட்ட உத்தேசித்திருப்பவர்களும், கொத்தனார்களும், எலக்ட்ரீஷியன்களும் இருக்கிறீர்கள். உங்களிடம் நான் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். தளம் போடுமுன், சுவர் பூசுமுன், மின்சாரக் குழாயோடு கூட, அதிலிருந்து விலகி, தனியாக ஒரு பிவிசி குழாயை, ஃபைபர் நுழையப்போகும் இடத்திலிருந்து கூடத்தின் நடுவுக்கும், அங்கிருந்து ஒவ்வொரு தளத்தின் கடைசி அறைக்கும் போட்டு, உள்ளே ஒரு இழுகம்பியையும் விட்டுவையுங்கள். வீட்டுக்கு ஆகும் மொத்தச் செலவில் அது ஒரு கணக்கே அல்ல. அந்தக் கடைசி அறையில் நாளை ஒரு குழந்தை உட்கார்ந்து படிக்கப்போகிறது.